செய்வினையா, லோ பிரஷரா, மனசா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 37 வயசு. ரங்கூன் தாமுவேயில அஞ்சாவது மாடியில குடியிருக்கோம். ரெண்டு பிள்ளைங்க. 2021 ஜூலையில வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல். மலேரியாவான்னு மட்டும் குத்திப் பார்த்தாங்க. மத்தவங்க ரெண்டு வாரத்துல எழுந்துட்டாங்க, நான் மட்டும் இன்னும் முழுசா எழுந்திருக்கல. ராத்திரி பூரா தூங்கினாலும் காலையில அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நின்னு சமைச்சா தலை சுத்துது. கடைக் கணக்கைக் கூட்டும்போது பாதியில மறந்துபோகுது. மாமியார் இது செய்வினைன்னு சொல்றாங்க. அதே கட்டிடத்துல ரெண்டாவது மாடியில இருக்குற என் ஓரகத்தி மேலதான் சந்தேகம். அவளோட பேசி ரெண்டு வருஷமாச்சு. தாயத்து கட்டி, ஒரு பர்மாக்காரரிடம் பொடியும் வாங்கிக் கொடுத்திருக்காங்க. எங்க அண்ணன் 'லோ பிரஷர், ரத்தம் சுண்டிப்போச்சு'ன்னு வாரா வாரம் ட்ரிப் ஏத்த வைக்கிறார், கூடவே நாலு மாத்திரை சேர்த்த பொட்டலமும். ஏத்துன அன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரர் 'எல்லாம் மனசு, காலையில எழுந்து நட'ங்கிறார். எனக்கு உள்ளுக்குள்ள வேற பயம். காய்ச்சல்ல கிடந்தப்ப, பிழைச்சா பீலிக்கான் கோயில்ல தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். இன்னும் செய்யல. அதுக்குத் தண்டனையோ? போன பொங்கலுக்கு ரெண்டு நாள் நல்லா ஓடியாடினேன். அப்புறம் அஞ்சு நாள் படுக்கை. ஓரகத்தியோட அம்மா வந்து 'அடேயப்பா, பழையபடி ஆயிட்டியே'ன்னு சொன்னதால கண்ணு பட்டுடுச்சாம். நான் யாரை நம்புறது? உடம்பு சரியானா திரும்பத் தையல் மெஷினை எடுக்கணும், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பெகுவுக்குப் போகணும், இன்னும் என்னென்னவோ ஆசை இருக்கு. என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கையில் பென்சில் இருந்தது. யார் என்ன நம்புகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அதை நம்பியதால் நீங்கள் எங்கே போனீர்கள், எதைக் குடித்தீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்ற இடங்களில் மட்டும் கோடு போட்டேன். செய்வினை என்றதும் ஓரகத்தியோடு பேச்சு நின்றது, தாயத்து ஏறியது, பொடி வந்தது. லோ பிரஷர் என்றதும் வாரம் ஒரு பாட்டில். மனசு என்றதும் காலை நடை. தண்டனை என்றதும் நீங்களே உங்களைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு, வீட்டில் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டீர்கள். இத்தனை வருஷத்தில் நான்கு காரணங்கள் உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட உங்களை ஒழுங்கான ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த மலேரியாக் குத்தலோடு சரி.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் பொங்கலைப் பற்றிப் பேசவேண்டும்.

போகிற போக்கில் எழுதிய வரி அது. எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் முக்கியம். பொங்கலுக்கு வீடு கழுவியிருப்பீர்கள், அஞ்சு மாடி ஏறி இறங்கியிருப்பீர்கள், வந்தவர்களுக்கு எல்லாம் நின்றபடியே பரிமாறியிருப்பீர்கள். இரண்டு நாளும் உடம்பு ஒத்துழைத்தது. மூன்றாம் நாள் விழுந்தீர்கள். முந்தின சாயங்காலம் யார் வந்தது, என்ன சொன்னார்கள் என்று மாமியார் யோசித்திருக்கிறார். கண்ணில் பட்டது ஓரகத்தியின் அம்மா.

மாமியாரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. யாரும் அப்படித்தான் கணக்குப் போடுவோம். கை சுட்டால் இப்போது எதைத் தொட்டோம் என்று பார்க்கிறோம், வயிறு வலித்தால் மத்தியானம் என்ன தின்றோம் என்று பார்க்கிறோம். ஆனால் சில வகைச் சோர்வு நோய்களில் அந்தக் கணக்கு உதவாது. அளவை மீறி உழைத்ததற்கான பில் அன்றைக்கே வராது. பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் நடுவில் வேறு எத்தனையோ நடந்திருக்கும். யாராவது வந்திருப்பார்கள், நீங்கள் தயிர் சாப்பிட்டிருப்பீர்கள், மழையில் நனைந்திருப்பீர்கள், புருஷனோடு சண்டை போட்டிருப்பீர்கள். விழுந்த நாளுக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதன் தலையில் பழி விழும். உண்மையான காரணம் இரண்டு நாள் முன்னால் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இவ்வளவு வருஷம் நோயாளிகளைப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, கண்ணேறும் செய்வினையும் இந்த நோயில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்வதற்கு மூடநம்பிக்கையைவிட இந்தத் தாமதம்தான் பெரிய காரணம்.

உழைத்தால் எல்லோருக்கும்தான் அசதி வரும். அது ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். உங்களுக்கு நடப்பது அது அல்ல. சக்திக்கு மேல் செய்துவிட்டால் சோர்வோடு தலைச்சுற்றல், மறதி, உடம்புவலி எல்லாம் கூட்டமாக வந்து நாள்கணக்கில் படுக்கவைக்கிறது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) 2015-ல் இந்த நோயை அடையாளம் காண ஒரு வரையறை கொடுத்தது. முன்பு செய்த வேலைகளைச் செய்யமுடியாத அளவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு இருக்கவேண்டும். உழைத்தபின் இப்படிச் சரிந்து விழவேண்டும். தூங்கி எழுந்தாலும் தெளிச்சி இருக்கக்கூடாது. இவற்றோடு மறதி, புத்தி மந்தம், அல்லது நின்றால் தலைசுற்றல், இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும். உங்கள் கடிதத்தில் எல்லாமே இருக்கின்றன, நீங்கள் அந்த வரையறையைக் கேள்விப்பட்டே இருக்காதபோதும். மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் என்ற வாயில் நுழையாத பேரும், நாட்பட்ட சோர்வு நோய் என்ற பேரும் இதற்கு உண்டு. இரண்டாவது பேர் எனக்குப் பிடிக்காது. சோர்வு என்றாலே நம்மவர்கள் காதில் சோம்பல் என்று விழுகிறது.

ஆனால் கடிதத்தைப் படித்து முத்திரை குத்துவது என் வேலை இல்லை. குத்தினால், உங்கள் வீட்டில் இருக்கும் நான்கு காரணங்களோடு ஐந்தாவதாக நானும் ஒன்றைச் சேர்த்தவள் ஆவேன். இதே சோர்வைக் கொடுக்கும் வேறு நோய்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு நல்ல மருந்தும் இருக்கிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே. இவ்வளவையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். நம் ஊரில் காசநோயும் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் அதிகம். வாரா வாரம் ஊசி குத்திக்கொள்ளும் உங்களுக்கு அந்த ஹெபடைடிஸ் பரிசோதனை கட்டாயம். மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வீட்டில் பர்மியப் பாட்டி யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை வகை இந்த மண்ணில் சாதாரணம். அது இருந்தால் ரத்தம் கொஞ்சம் குறைவாகவே காட்டும், ஆனால் அது இரும்புச் சத்துக் குறைவு ஆகாது. ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். உடம்பு இளைப்பது, ராத்திரிக் காய்ச்சல், மூச்சு வாங்குவது, மலத்தில் ரத்தம், கால் வீக்கம், இதில் எது இருந்தாலும் இந்த வாரமே போங்கள்.

இனி ட்ரிப்புக்கு வருவோம். பர்மியர்கள் 'ஆ மஷிபூ' என்பார்கள், தெம்பில்லை என்று. தெம்பில்லை என்றால் தெம்பு மருந்து, 'ஆஸே', ஏற்றவேண்டும் என்பது இங்கே பச்சைக்குழந்தைக்கும் தெரியும். நம் ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரை லிட்டர் சலைன் என்றால் தண்ணீரும் 4.5 கிராம் உப்பும். குளுக்கோஸ் என்றால் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிக்கு மேல் போகாது. முக்குக் கடையில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிக் கொடுக்கும் லஃபெயே டீயில் அதற்குக் குறைவு இருக்காது. அதில் கலக்கும் மஞ்சள் மருந்து பி வைட்டமின். மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போனதும் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். உடம்புக்கு வேண்டாமல் வெளியே தள்ளியதுதான் அந்த மஞ்சள்.

ஆனாலும் 'ஏத்துன அன்னைக்கு நல்லாத்தான் இருக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் தள்ளிவிட மாட்டேன். நின்று சமைத்தால் தலை சுற்றுகிறது என்பதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். சிலருக்கு எழுந்து நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அவர்களுக்கு ரத்தக்குழாயில் உப்புத் தண்ணீர் ஏறினால் சில மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் அண்ணன் பாதி சரி. பிரஷரும் நிற்பதும் சம்பந்தப்பட்டது என்று மோப்பம் பிடித்திருக்கிறார், மருந்துதான் தவறு. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிஷம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு சுவர் பக்கத்தில் 10 நிமிஷம் நில்லுங்கள், சாயாமல். மூத்த பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும், தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை நாடியைக் குறியுங்கள். படுத்திருந்ததைவிட 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டுங்கள். வாய்வழியாகக் குடிக்கும் உப்பும் தண்ணீரும், இறுக்கமான காலுறையும், வேண்டுமானால் மாத்திரையும் வைத்து அதைச் சமாளிக்கலாம். பிரஷரும் சிறுநீரகமும் சரியாக இருப்பது தெரிந்தபின்தான் உப்பைக் கூட்டவேண்டும்.

பொட்டலம் வேறு விஷயம். பேர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. தின்றால் ஒரே நாளில் தெம்பும் பசியும் வரும், மாசக்கணக்கில் தின்றால் முகம் உப்பும். திடீரென்று நிறுத்தினாலோ உடம்பு அடியோடு சரியும், சமயத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்படி நிறுத்துவது என்று முடிவெடுக்க ஒரு டாக்டரிடம் பொட்டலத்தோடு இந்த வாரமே போங்கள்.

அடுத்தது வீட்டுக்காரர். 'எல்லாம் மனசு' என்று சொன்னது அவர் மட்டும் என்றால் நான் ஒரு வரியில் முடித்திருப்பேன். என் தொழில்காரர்களே நூறு வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் சுவர் விளம்பரங்களில் பார்க்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் ஏதோ நம் பாட்டி வைத்தியச் சொல் போல ஒலிக்கிறது. அந்த எண்ணத்தை 1869-ல் பிரபலமாக்கியவர் நியூயார்க்கில் இருந்த ஜார்ஜ் பியர்ட் என்ற டாக்டர். நாகரிக வாழ்க்கையின் அவசரத்தில் நரம்பின் சக்தி தீர்ந்துபோகிறது என்றார். இன்றைக்கும் தாமுவேச் சந்தில் ஒரு பெண் 'நரம்புத் தளர்ச்சிக்கு ஊசி' போட்டுக்கொள்கிறாள் என்றால் அதில் அவர் பங்கு இருக்கிறது. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நர்ஸ்களும் டாக்டர்களும் ஊழியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் ஒரு விநோதக் காய்ச்சலில் விழுந்தார்கள், பலர் நெடுநாள் எழவில்லை. 1970-ல் மெக்ஈவ்டி, பியர்ட் என்று இரண்டு மனநல மருத்துவர்கள் (இந்த பியர்ட் வேறு, பேர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்) பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா, அதாவது ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றிய மனக்கோளாறு என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. அந்த எழுத்தின் நிழல் ரொம்ப நாள் நீண்டது.

அந்த நிழலில் நானும் நின்றிருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் இட்லிக் கடைக்கார அம்மா வந்தார். எழவே முடியவில்லை என்றார். அன்றைக்குக் கூட்டம், எனக்கு அவசரம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு 'உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மனசைத் தைரியமா வச்சுக்குங்க' என்று அனுப்பினேன். பதினோரு மாதம் கழித்து வந்தார். முகம் உப்பி, குரல் கட்டி, தோல் காய்ந்து. தைராய்டு. மாத்திரை கொடுத்ததும் சில மாதத்தில் தேறிவிட்டார். என்னை உறுத்தியது அவர் அந்தப் பதினோரு மாதத்தைக் கழித்த விதம். டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டதால் தனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதை விரட்ட மூன்று மணிக்கே எழுந்து மாவாட்டியிருக்கிறார். மந்திரவாதியின் பொடிக்கும் என் 'ஒண்ணுமில்ல'வுக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று நான் பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன், அவருக்கு இரண்டு விஷயம். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் மூன்று வேறு வேறு கிருமிகளால் காய்ச்சல் கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் எழவில்லை. யார் எழமாட்டார்கள் என்பதைக் காட்டியது காய்ச்சலின் கடுமை. முன்பே கவலைப்படும் சுபாவமா, மனநோய் உண்டா என்பதெல்லாம் அவ்வளவாகக் காட்டவில்லை. 2006-ல் வந்த ஆய்வு இது. 2021 ஜூலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ரங்கூன் தெருக்களில் வரிசை நின்றதை நாம் யாரும் மறக்கவில்லை. உங்கள் வீட்டுக் காய்ச்சல் அந்த மாதத்துக் காய்ச்சல். கோவிட்டுக்குப் பின் மாசக்கணக்கில் தங்கிவிடும் உபாதைக்கு உலக சுகாதார நிறுவனமே அந்த வருஷ அக்டோபரில் வரையறை எழுதிவிட்டது.

இரண்டாவது, நடை. இங்கிலாந்தில் வாரா வாரம் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வதுதான் வைத்தியமாக இருந்தது. 641 நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு அது பலன் தருகிறது என்று 2011-ல் சொன்னது. நோயாளிகள் கத்தினார்கள், எங்களுக்கு மோசமாகிறது என்று. பலனை அளந்த விதமே தவறு என்று ஆராய்ச்சியாளர்கள் பலரும் சேர்ந்துகொண்டார்கள். 2021 அக்டோபரில் அந்நாட்டின் வழிகாட்டுதல் மாறியது, அந்தப் பயிற்சி முறையைக் கொடுக்கவேண்டாம் என்று. ஆகவே அவரைத் திட்டாதீர்கள். கைராசி டாக்டர்களே நேற்று வரை சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் இனிமேல் நடக்கச் சொல்லி எழுப்பவேண்டாம்.

மனசுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. நான் நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன், நாளைக்கு உடம்பு சரியானால் என்ன செய்வீர்கள் என்று. மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் பேசாமல் இருப்பார், எதிலும் ஆசை வராது. நீங்கள் நான் கேட்காமலே தையல் மெஷின், பெகு என்று பட்டியல் போட்டுவிட்டீர்கள். அதனால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம். அந்த ஆசைகள் வற்ற ஆரம்பித்தாலோ, போய்ச் சேர்ந்துவிடலாமா என்று தோன்றினாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. இன்னொன்று, கோவாவில் 18 முதல் 50 வயதுப் பெண்கள் 2494 பேரிடம் எடுத்த கணக்கில் 12 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு என்றார்கள். 'ரத்தம் கம்மி'தான் காரணம் என்று எதிர்பார்த்தால், ஹீமோகுளோபின் அளவோடு அதற்குத் தொடர்பே தெரியவில்லை. வறுமை, மனவேதனை, வீட்டில் பெண்ணாக இருப்பதன் கஷ்டங்கள், இவற்றோடுதான் தொடர்பு. அதனால் கேட்கிறேன், நான்கு பேர் படிப்பார்கள் என்று இந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இப்போது பீலிக்கான். சாமி கணக்கு எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். என் நோயாளிகளில் வேண்டிக்கொள்ளாதவர் உண்டு, வேண்டி நிறைவேற்றியவர் உண்டு. இரண்டு வருஷம் வரிசையாகத் தீ மிதித்த ஒருவர் இன்னும் என் கிளினிக் படியைப் பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறார். தண்டனை என்ற நினைப்பு உங்களுக்குச் செய்த கெடுதல் என்னவென்றால், வைத்தியம் பார்ப்பதே தப்பிக்கப் பார்ப்பது போல் ஆகிவிட்டது. விரதம், வெயில், கூட்டத்தில் நிற்பது, நடை, நெருப்பு, எல்லாம் சேர்ந்தால் உங்களுக்கு ஒரு மாதப் படுக்கை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வையுங்கள், உடம்பு தேறினதும் வருகிறேன் என்று சொல்லி. நம் வீடுகளில் கைக்குழந்தைக்காரி அப்படித்தானே தவணை வாங்குகிறாள்? கோயில் பூசாரியிடமும் கேட்டுப்பாருங்கள், அவர் மறுக்கமாட்டார்.

மாமியாரோடு வாதாடாதீர்கள். செய்வினையைப் பர்மியர் 'பயோக' என்பார்கள், நம் 'பிரயோகம்' என்ற சொல்லுக்குத் தங்கை முறை. ஆக இந்த ஊரில் அவருக்குத் துணைக்கு ஆள் நிறைய. தாயத்து இருக்கட்டும். உப்பு மிளகாய் சுற்றிப் போடட்டும், அவர் கையால் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல் அவருக்கும் வேண்டும். பொடியை மட்டும் நிறுத்துங்கள். 2009-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குடியேறிய பர்மிய அகதிக் குழந்தைகள் சிலர் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. தேடிப்போனால், வீட்டில் கொடுத்த நாட்டு மருந்தில் ஈயமும் ஆர்சனிக்கும். ஈயம் ரத்தத்தைக் குறைக்கும், சோர்வையும் கொடுக்கும். செய்வினையை எடுக்க வந்த பொடியே வினை செய்தால் எங்கே போய் முறையிடுவது?

யாரை நம்புவது என்ற கேள்விக்கு இப்போது பதில். காரணம் பற்றி உங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டியதில்லை. 1998-ல் லண்டனில் ஓர் ஆய்வு வந்தது. உடம்பு நோய்தான் என்று உறுதியாக நம்பிய நோயாளிகள் அந்த நம்பிக்கையால் மோசமாகிவிடவில்லை என்று அதில் கண்டார்கள். நம்பிக்கை மாறாமலே தேறியவர்கள் தேறினார்கள். அந்த ஆய்வாளர்களின் வைத்தியமுறை பற்றி எனக்கு நிறைய சண்டை உண்டு, ஆனால் இந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்குப் பிடிக்கும். நீங்களும் ஒவ்வொருவர் சொல்வதையும் இப்படி உரசிப் பாருங்கள்: இதை நம்பினால் நாளை காலை நான் என்ன செய்வேன்? அது என்னை மோசமாக்குகிறதா, யாரிடமிருந்தாவது பிரிக்கிறதா, பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அந்த நம்பிக்கையை மாமியார் வைத்துக்கொள்ளட்டும், அண்ணன் வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்கு வேண்டாம்.

பரிசோதனை முடிவு வரும் வரை செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலி செய்யச் சொல்லுங்கள். காய் நறுக்குவது, தாளிப்பது, தோசை சுடுவது எல்லாம் உட்கார்ந்தபடி. களைத்தபின் படுப்பதை விட்டுவிட்டு, களைக்கும் முன்னால் படுங்கள். காலை பத்து மணிக்கு இருபது நிமிஷம், மூன்று மணிக்கு இருபது நிமிஷம், நன்றாக இருக்கும் நாளிலும். நன்றாக இருக்கும் நாள்தான் உங்களுக்குப் பொறி. கரண்ட் வந்துவிட்டதே என்று துவைப்பது, இஸ்திரி, தண்ணீர் ஏற்றுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பீர்கள், எனக்குத் தெரியும், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். அதில் பாதியை விட்டுவிடுங்கள். கணக்குப் பார்ப்பதும் உழைப்புதான், கால் மணிக்கு மேல் வேண்டாம்.

படி ஏறி இறங்குவதை வாரம் ஒன்று இரண்டாகக் குறையுங்கள். உங்கள் பால்கனியிலிருந்து கிளிப் போட்ட கயிறு தொங்கும்தானே, பேப்பரும் காலைச் சாப்பாட்டு மொஹிங்காவும் ஏற்றுவதற்கு? கறிகாய்ப் பையும் அதில் ஏறும். ஆனால் கீழே பையை மாட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ரெண்டாவது மாடியில் இருக்கிறாள். ரெண்டு வருஷத்து மௌனத்தை மன்னிப்பு, விளக்கம் என்று பெரிதாக உடைக்கப் போகாதீர்கள், அதற்கும் தெம்பு வேண்டும். பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், 'சித்தி, அம்மா பையைக் கயித்துல மாட்டிவிடச் சொன்னாங்க' என்று. மாமியார் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். கறிகாய் மேலே வந்துவிடும்.

ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து, தினம் இரண்டே வரி எழுதுங்கள். இன்றைக்கு என்ன செய்தேன், உடம்பு பத்துக்கு எத்தனை. ஆறு வாரம் கழித்து, பரிசோதனைத் தாள்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். படுத்த நாளைச் சொன்னால் போதாது, அதற்கு முந்தின இரண்டு நாள் வரிகளையும் அப்படியே பார்த்து எழுதுங்கள்.